அர்மிந்தோ கேட்ட ஸ்பிரிங்

புஷ்பமலர் நோர்வேயில் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட சொற்கள் எல்லாம் மீனைப் பற்றியவை. செதில், முள்ளு, செவுள், கத்தி, பனிக்கட்டி. எண்பதுகளின் கடைசியில் ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் கையுறையும் இறப்பர்ச் சப்பாத்துமாக நின்றபடி, பக்கத்தில் நின்ற பெண்களிடம் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிக் கேட்பாள். "இதுக்கு என்ன பேர்? அப்ப இதுக்கு?" அவர்களும் சலிக்காமல் சொன்னார்கள். ஒரு வருடத்தில் மீனின் உடம்பில் அவளுக்குப் பெயர் தெரியாத இடமே இல்லை. ஆனால் பஸ்ஸில் ஏறி எங்கே போகவேண்டும் என்று சொல்லத் தெரியாது.

மகள் தர்மினி பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்ததும் குடும்பம் ஒஸ்லோவுக்கு வந்தது. கணவர் சபாரத்தினத்துக்கு நிலக்கீழ் ரயிலில் வேலை. புஷ்பமலர் படித்துத் தேறி, நகரின் கிழக்குப் பக்கத்தில் இருந்த முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். சொல் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. நோர்வே மொழியில் கலியாணம் கட்டியவர் என்பதற்கும் நஞ்சு என்பதற்கும் ஒரே சொல்தான் என்று கண்டுபிடித்த அன்று, வேலை முடிந்து வந்த சபாரத்தினத்தை வாசலிலேயே மறித்துச் சொன்னாள்.

"அதிலை என்ன பிழை?" என்று கேட்டுவிட்டு அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மாசி மாதம் அவள் வேலை செய்த மாடிக்கு அர்மிந்தோ வந்து சேர்ந்தார். எழுபத்தெட்டு வயது. போர்த்துக்கலின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, இளவயதிலேயே நோர்வேக் கப்பல் ஒன்றில் ஏறியவர். உலகமெல்லாம் சுற்றி, கடைசியில் ஒஸ்லோக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்து சில வருடங்கள். நோர்வே மொழியில் பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்க வைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை என்று, பார்க்க வந்த பழைய அயலவர் ஒருவர் சொன்னார். அந்தப் பகிடி எதுவும் இப்போது அவரிடம் இல்லை. குளிர்காலத்தில் வந்த பாரிசவாதம் வலது கையையும் காலையும் இழுத்ததோடு, நோர்வே மொழியையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது சிறுவயதுப் போர்த்துக்கீசமும் கப்பலில் பழகிய கொஞ்ச ஆங்கிலமும். அவையும் உதிரியாகத்தான் வந்தன. ஒரு சொல்லுக்கு அடுத்த சொல் வராது.

இரண்டாவது நாள் காலை, புஷ்பமலர் அவருக்கு உடுப்பு மாற்றிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இடது கையை நீட்டி, "சப்பாத்து" என்றார்.

புஷ்பமலர் குனிந்து கட்டிலுக்குக் கீழே கிடந்த சப்பாத்தை எடுத்து அவர் காலில் மாட்டினாள். மற்றதை எடுக்கப் போகும்போதுதான் கை நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்கள்?" தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

"சப்பாத்து," என்றார் அவர், இதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல.

அவள் மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். மேசையைத் தொட்டாள். "மேசா," என்றார். சுவரோரம் உட்காரப் போட்டிருந்த கதிரையைக் காட்டினாள். "கதெய்ரா." யன்னலைக் காட்டினாள். "ஜனெலா." தோளில் கிடந்த துவாயை எடுத்து ஆட்டினாள். "துவால்யா." ஒவ்வொரு சொல்லுக்கும் புஷ்பமலரின் முகம் மலர மலர, அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சப்பாத்துப் போடாத காலில் இருந்த காலுறையைத் தானே காட்டி, "மேயஷ்" என்றார். மேஸ்! ஊரில் பள்ளிக்கூடம் போகும்போது வெள்ளைச் சப்பாத்துக்குள் போட்ட அதே மேஸ்.

அன்று பின்னேரம் வீட்டில் தர்மினியிடம் சொன்னபோது, பதினாறு வயதுக்காரி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மா, போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை ஆண்டவை தானே. விட்டிட்டுப் போயிருப்பினம்."

"அது எனக்கும் தெரியும் பிள்ளை. பள்ளிக்கூடத்திலை படிச்சனான். ஆனால் அவையின்ரை ஆள் ஒருத்தர் எனக்கு முன்னாலை இருந்து கதிரை எண்டு சொல்லுவார் எண்டு ஆர் கண்டது?"

அதற்குப் பிறகு அர்மிந்தோவைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவளிடமே வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அந்த இல்லத்தின் வழக்கம். அவளுக்கு வாய் வரவில்லை. "ஐயா" என்றே கூப்பிட்டாள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் ஒரு சொல் மட்டும் அவளுக்கும் பிடிபடவில்லை. ஸ்பிரிங்.

காலையில் அவரை எழுப்பி உட்கார வைத்தால் போதும், "ஸ்பிரிங், ஸ்பிரிங்" என்று தொடங்கிவிடுவார். நோர்வே மொழியில் ஸ்பிரிங் என்றால் தண்ணீர் வரும் பைப். ஆகவே வேலையாட்கள் ஓடிப்போய்ப் பைப்பில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார்கள். அவர் கோப்பையைத் தட்டிவிட்டார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள், இளஞ்சூட்டில் கொடுத்தார்கள், அன்னாசிச் சாறு கலந்தும் கொடுத்தார்கள். ஒன்றுக்கும் அவர் மசியவில்லை. அதே சொல்லுக்கு ஓடு என்றும் பொருள் உண்டு. "ஓட ஆசைப்படுகிறார் போலிருக்கிறது," என்று வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தி சிரித்தாள். புஷ்பமலருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் கண்ணில் இருந்தது ஆசை இல்லை.

நாளாக ஆகச் சிக்கல் பெரிதாகியது. கட்டிலின் பக்கக் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். சக்கரம் பூட்டிய சில்லுக்கதிரைக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிறகு மூன்று பேர். ஒருநாள் கால் நிலத்தில் படும்போது சறுக்கி, புஷ்பமலரின் மேலேயே சாய்ந்துவிட்டார். அவள் சுவரோடு முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டபடியால் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பயம்தான் காரணம்," என்றாள் சுல்வை. அந்த மாடிக்குப் பொறுப்பான தாதி அவள். நல்ல மனம், ஓயாத வேலை. "இப்படியே கட்டிலில் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், புஷ்பா. முதுகும் புண்ணாகிவிடும். எழுப்பத்தான் வேண்டும், ஆனால் சண்டை பிடித்து எழுப்ப எனக்கு விருப்பமில்லை."

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் அர்மிந்தோவோடு அன்பாகக் கதைத்தது. அவர் ஏதேதோ சொன்னார். கடைசியில் அந்தக் குரல் நோர்வே மொழிக்குத் திரும்பியது. "சொற்கள் எல்லாம் சரியான சொற்கள்தான். ஆனால் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. அந்த ஸ்பிரிங் மட்டும் எங்கள் மொழி மாதிரி இல்லை. ஆங்கிலமாக இருக்கவேண்டும்."

"ஆங்கிலத்தில் என்றால் என்ன பொருள்?" சுல்வை கேட்டாள்.

"எந்த ஸ்பிரிங்? அதற்கு எத்தனையோ பொருள் இருக்கிறதே."

எத்தனையோ பொருள்! புஷ்பமலருக்கு அன்று முழுக்க அதே நினைவு. லீவு நாளில் தர்மினியையும் இழுத்துக்கொண்டு டைக்மன் நூலகத்துக்குப் போனாள். பிறமொழிப் புத்தகங்கள் இருந்த பக்கத்தில், போர்த்துக்கீசம் பேசுபவர்கள் ஆங்கிலம் படிப்பதற்கென்று எழுதிய ஒரு மெல்லிய புத்தகத்தை நூலகப் பெண் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஒரே சொல்லுக்குப் பல பொருள் வந்து ஆட்களை மயக்கும் சொற்களுக்கு அதில் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஸ்பிரிங்குக்கு ஒரு பக்கம் முழுவதும் கொடுத்திருந்தது. ஆங்கில வசனங்களைத் தர்மினி வாசித்துச் சொன்னாள். போர்த்துக்கீசச் சொற்களைத் தாயும் மகளும் சேர்ந்து எழுத்துக் கூட்டினார்கள்.

"முதலாவது பிறிமாவேரா. பூ மரம் கீறியிருக்கு. வசந்த காலம். ரெண்டாவது மோலா. சுருள் கம்பி. பேனைக்குள்ளை இருக்குமே, அது. மூண்டாவது நஷ்செந்த். பாறைக்குள்ளையிருந்து தண்ணி வருது."

"ஊற்று."

"ஓம், ஊற்று. நாலாவது குதிக்கிறது. ஒரு ஆள் கிடங்கைத் தாண்டுறான்." தர்மினி இப்போது தானே பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது எல்லாம் ஒண்டுதான். வெளியிலை பாயுறது. பூ மண்ணுக்குள்ளையிருந்து பாயுது, தண்ணி பாறைக்குள்ளையிருந்து பாயுது, கம்பியை அமத்திவிட்டால் பாயுது. இஞ்சத்தைப் பைப்பும் அப்பிடித்தான்."

புஷ்பமலர் மகளின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். "கெட்டிக்காரி. இனி மனுசன் என்னத்தைக் கேக்கிறார் எண்டு கண்டுபிடிச்சுத் தா."

அடுத்த நாள் புத்தகத்தை அர்மிந்தோவுக்கு முன்னால் விரித்து வைத்தாள். சொந்த மொழியில் அச்செழுத்தைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. பூ மரத்தின் மேல் விரலை வைத்து, "பிறிமாவேரா" என்று வாசித்தார். இல்லை என்று தலையாட்டினார். ஊற்று, அதுவும் இல்லை. குதிப்பவனைப் பார்த்துச் சிரித்தார். சுருள் கம்பியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இடது கையைத் தூக்கி, காற்றில் சுற்றிச் சுற்றி வளையம் போட்டுக் காட்டினார். "ஸ்பிரிங்," என்றார், கெஞ்சுவதுபோல.

சுற்றிச் சுற்றி என்றால் சுருள் கம்பிதானே? மெத்தைக்குள் இருக்கும் கம்பி முதுகில் குத்துகிறது! புஷ்பமலர் சுல்வையிடம் ஓடினாள். அன்றைக்கே மெத்தையை மாற்றினார்கள். புது மெத்தையைக் கொண்டுவந்தவனிடம் கேட்டபோதுதான், பழையதிலும் சரி புதியதிலும் சரி கம்பியே கிடையாது, உள்ளே இருப்பது வெறும் நுரைப்பஞ்சு என்று தெரிந்தது. மறுநாள் காலை அர்மிந்தோ புது மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்து, கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஸ்பிரிங்" என்றார்.

புஷ்பமலர் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் கேள்வியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் ட்ராமுக்குக் காத்து நிற்கும்போதும் அந்தக் கை காற்றில் வளையம் போட்டுக்கொண்டே இருந்தது.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் எறித்தது. சபாரத்தினம் வழக்கத்துக்கு மாறாகத் தானே முன்வந்து, "வாரும், தீவுப் பக்கம் போவம்" என்றார். விப்பெதாங்கன் துறையிலிருந்து ஹூவெத் தீவுக்குப் போகும் சின்னக் கப்பலில் மூவரும் ஏறினார்கள். புஷ்பமலர் இடியப்பப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கத்தில் இருந்தாள். கப்பல் தீவின் துறையை அணையும்போது, மேலே இருந்த கப்பலோட்டி யன்னலால் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"முதலில் ஸ்பிரிங்!"

தொழிலாளி உடையில் நின்ற ஓர் இளம் பெண் கயிறு ஒன்றை எடுத்து, துறையில் இருந்த இரும்புக் கட்டையில் எறிந்து மாட்டினாள். மற்ற நுனியைக் கப்பலின் பக்கத்தில் இருந்த கொம்பில் சுற்றினாள். அவள் கை காற்றில் சுற்றிச் சுற்றி வளையம் போட்டது.

புஷ்பமலர் எழுந்து நின்றாள். இடியப்பப் பெட்டியைச் சபாரத்தினம் எட்டிப் பிடித்திராவிட்டால் அது கடலுக்குள் போயிருக்கும்.

"மன்னிக்கவேண்டும். நீங்கள் இப்போது கட்டியது என்ன?"

"இதுவா? ஸ்பிரிங்," என்றாள், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருந்த அந்தப் பெண். "கயிற்றின் பெயர் அது."

"எதற்கு?"

ஆட்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் கேட்டவளின் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் நின்று சொன்னாள். "மற்றக் கயிறுகள் கப்பலைக் கரையோடு சேர்த்துப் பிடிக்கும். இது சாய்வாகப் போடுவது. கப்பல் முன்னுக்கும் பின்னுக்கும் வழுக்காமல் பிடிக்கும். வழுக்கினால் இறங்குகிறவர்களின் கால் இடைவெளிக்குள் போய்விடும். இதைப் போடாமல் நான் ஒருவரையும் இறங்க விடமாட்டேன்."

"எல்லாக் கப்பலிலும் இதே பேர்தானா? ஆங்கிலக் கப்பலிலும்?"

"ஆங்கிலத்திலும் அதே பேர்தான் என்று எங்கள் கப்பலோட்டி சொல்லுவார்."

புஷ்பமலர் அன்று தீவில் இடியப்பம் சாப்பிட்டாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. "கயிறு போடாமல் என்னை இறக்காதேங்கோ எண்டுதான் ஐயா சொல்லியிருக்கிறார்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "கட்டில் வழுக்குது எண்டு சொல்லியிருக்கிறார். நாங்கள் தண்ணி குடுத்தம்."

சபாரத்தினம் இடியப்பப் பெட்டியை மூடிக்கொண்டு கேட்டார். "சில்லு பூட்டின கட்டில்தானே, பிரேக் இருக்குமே? ரயிலிலை பிரேக் போட்டால் போட்டதுதான் எண்டு நாங்கள் நம்புறேல்லை. தள்ளிப் பாப்பம்."

"அப்ப நானும் தள்ளிப் பாக்கிறன்."

திங்கள் காலை அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கட்டிலின் பிரேக்கைக் காலால் அழுத்தினாள். கிளிக் என்று விழுந்தது. எப்போதும் விழுவதுதான். பிறகு கட்டிலின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து, முழுப் பலத்தோடு நீளவாக்கில் தள்ளினாள். கட்டில் ஒரு சாண் வழுக்கிப் போய் நின்றது. தலைமாட்டுப் பக்கச் சில்லு ஒன்று பூட்டவே இல்லை. வெறும் கட்டிலைத் தட்டினால் தெரியாது. முழுப் பலத்தோடு தள்ளினாலோ, விளிம்பில் ஓர் ஆள் பாரத்தோடு இருந்து காலை ஊன்றினாலோதான் நழுவும். மற்றவர்கள் எல்லோரும் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, அவருடைய முகத்தைத்தான் பார்த்தார்கள். கட்டிலைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

அர்மிந்தோ படுத்தபடியே அவள் செய்வதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கட்டடப் பராமரிப்புக்காரர் வரும்வரை அவள் பொறுக்கவில்லை. உடுப்பு அறையிலிருந்து நீளமான துணிப்பட்டி இரண்டை எடுத்து வந்தாள். சுவரோரம் பிடித்து நடப்பதற்காகப் போட்டிருந்த கம்பியில் ஒரு நுனியைக் கட்டி, மற்ற நுனியைச் சாய்வாகக் கட்டிலின் காலுக்கு இழுத்தாள். மற்றதை எதிர்ப் பக்கமாகச் சாய்த்தாள். சுற்றினாள், முடிச்சுப் போட்டாள்.

"ஸ்பிரிங், ஐயா," என்றாள்.

அவர் பட்டி போகும் வழியைக் கண்ணால் அளந்தார். பிறகு இடது கையை நீட்டினார். அவள் போட்ட முடிச்சு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. விரலால் அதைத் தளர்த்தி, ஒரு சுற்று இப்படி, ஒரு சுற்று அப்படி என்று காட்ட, அவள் அதேபோலக் கட்டினாள். இழுத்துப் பார்த்தார். இறுகி நின்றது.

"ஸ்பிரிங்," என்றார். பிறகு, "சிம், சிம்." ஓம், ஓம் என்று அதற்குப் பொருள். கண்ணில் தண்ணீர் நிறைந்து கன்னத்தால் வழிந்தது. துவாயை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று அவர் பக்கக் கம்பியைப் பிடிக்கவில்லை. பாதிக்காத இடது காலை நிலத்தில் ஊன்றினார். அவள் ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு சில்லுக்கதிரைக்கு மாறினார். கதவடியில் வந்து நின்ற சுல்வை துணிப்பட்டிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது என்ன, புஷ்பா?"

"கப்பல் கட்டியிருக்கிறது. சில்லை மாற்றும்வரை அவிழ்க்கவேண்டாம்."

சுல்வை வந்து கட்டிலைத் தானும் தள்ளிப் பார்த்தாள். பிறகு அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை மாதமாக அவர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்," என்றாள். அன்று மத்தியானத்துக்குள் சில்லு மாறியது. அந்த மாடியில் இருந்த எல்லாக் கட்டிலையும் தள்ளிப் பார்க்கச் சொன்னாள் சுல்வை. இன்னொரு அறையில் இன்னொரு சில்லும் அகப்பட்டது.

அதன் பிறகு அர்மிந்தோ சாப்பாட்டுக்கு எல்லோரோடும் வந்து இருந்தார். நோர்வே மொழி திரும்பி வரவில்லை. ஆனால் காலையில் அவரை எழுப்ப ஒருவர் போதும் என்றானது. புஷ்பமலர் அவர் வாயிலிருந்து தனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். வெண்ணெய் பூசிய பாண் கொடுத்தால் மூக்கால் இழுத்து "பாவ்ங்" என்பார். சட்டைப் பொத்தானைப் பூட்டினால் "பொத்தாவ்ங்." எப்போதும் இவர்கள் கொடுத்ததைத்தானே நாங்கள் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு சின்ன மனக்குறையும் வந்தது.

ஆடி மாதம் குரொன்லான்ட் கடையொன்றில் நல்ல மாம்பழம் வந்திருந்தது. ஒன்றை வாங்கிப்போய் அவருக்கு முன்னால் வைத்தாள்.

"மாங்கா!" என்றார் அவர்.

புஷ்பமலர் தோல் சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்து, குறும்பாக, தன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "மாங்கா," என்றார் மறுபடியும். பழத்தைக் காட்டி ஒருமுறை, சட்டைக் கையைக் காட்டி ஒருமுறை. அயலவர் சொன்ன அந்தப் பழைய பகிடிக்காரர் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் தர்மினியைக் கணினிக்கு முன்னால் இருத்தினாள். தர்மினி தட்டித் தேடி வாசித்தாள். "அம்மா, சட்டைக் கை அவையின்ரை சொந்தச் சொல்லாம். பழம் மட்டும் எங்கடை பக்கம். மலையாளத்தாலையோ தமிழாலையோ போயிருக்கு. மாங்காய் எண்டதைத்தான் அவையள் கொண்டுபோயிருக்கினம்."

"வடிவாப் பார். உண்மையாவோ?"

"ஓம், அம்மா."

மறுநாள் புஷ்பமலர் வேலைக்குக் கொஞ்சம் முந்தியே போய்விட்டாள். அர்மிந்தோ யன்னலோரம் சில்லுக்கதிரையில் இருந்தார். அவள் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, நோர்வே மொழியும் வேண்டாம் ஆங்கிலமும் வேண்டாம் என்று தமிழிலேயே தொடங்கினாள். மாங்காய் எந்த மரத்தில் காய்க்கும், எப்படி உப்பும் தூளும் போட்டுத் தின்பது, அதை யார் எங்கிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கப்பல் என்ற இடத்தில் அவள் கையால் அலை போட்டுக் காட்டியபோது மட்டும் இடையில் மறித்து, நீளமாக ஏதோ சொன்னார். முதல்முறையாக, சொற்கள் உதிராமல், ஒரு முழு வசனம் போலத்தான் கேட்டது. அதில் அவளுக்குத் தெரிந்த சொல் ஒன்றுகூட இல்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ ஐயா," என்றாள் புஷ்பமலர், கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு.